மருமகனுக்கு ஒரு கமம்பேர்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் மகள் பாரிசில், லா சப்பல் பக்கம் இருக்கிறாள். மருமகன் பிரெஞ்சுக்காரர், நோர்மண்டியில் கான் என்ற ஊர். வருகிற ஆகஸ்டில் இரண்டு பேரும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் அப்போது ஐந்து மாதமாக இருப்பாள். மருமகனுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு சீஸ் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரி இராதாம். சரி, முன்கூட்டியே பார்த்து வைப்போம் என்று கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் கமம்பேர் என்ற மென் சீஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். மேலே பசுவும் பச்சை வயலும் பிரெஞ்சு எழுத்துமாக அழகான பெட்டி. திறந்ததும் அமோனியா மாதிரி மூக்கில் அடித்தது. வெட்டினால் நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. கடைத் தம்பியிடம் கேட்டேன், "அது அப்படித்தான் இருக்கும் அன்ரி" என்றார். பெட்டியின் பின்பக்கம் முட்டை வடிவ வட்டத்துக்குள் டி, ஈ, பிறகு பி, வை என்று எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கின்றன. நான் ஏமாந்துவிட்டேனா? அசல் பிரெஞ்சு சீஸை இங்கே எப்படிப் பார்த்து வாங்குவது? என் கணவர் சைவம், அவர் சாப்பிடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மகள் ஐந்து மாதம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு மற்றதெல்லாம் இரண்டாவதாகப் போய்விட்டது.

லிஸ்டீரியா என்று ஒரு பற்றீரியா இருக்கிறது. மற்றக் கிருமிகள் பெரும்பாலும் பிறிட்ஜின் குளிரில் அடங்கிக் கிடக்கும். இது அந்தக் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். ஈரம் கூடிய, வெள்ளைப் பூஞ்சணத் தோல் போர்த்திய மென் சீஸ் அதற்கு வாய்ப்பான இடம். அந்தத் தோல் முற்ற முற்றச் சீஸின் புளிப்புக் குறைந்து போவதுதான் காரணம். வயது போகாத, சுகதேகியான ஒருவருக்கு வந்தால் பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுக் குழப்பத்தோடு போய்விடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே ஆபத்து. காய்ச்சாத பாலில் செய்ததற்கு மட்டும்தான் பயப்பட வேண்டும், பாச்சராக்கிய, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலில் செய்தது பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2025 ஆகஸ்டில் பிரான்சிலேயே லிஸ்டீரியா பரவி இரண்டு பேர் இறந்தார்கள். அப்போது சந்தையிலிருந்து திருப்பி எடுத்தவை பாச்சராக்கிய பாலில் செய்த மென் சீஸ்கள். பால் சுத்தமாக இருந்தாலும் பிறகு கிருமி சேரலாம்.

அதனால் மகளுக்குக் கமம்பேரோ, அதே மாதிரி வெள்ளைத் தோல் சீஸான பிரீயோ வெட்டினபடி வேண்டாம். ஆசைப்பட்டால் முழுக் கமம்பேரை ஓர் அவன் பாத்திரத்தில் வைத்து, 180 பாகைக்கு மேல், நடுப்பகுதியும் கொதித்து ஆவி வரும்வரை சுட்டுக் கொடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடமாகும். மேல் மட்டும் உருகினால் போதாது, கரண்டியை நடுவில் விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அவளுக்கென்று கொம்தே அல்லது எமெந்தால் என்ற கெட்டிச் சீஸில் ஒரு துண்டு வாங்கி வையுங்கள். அவை ஈரம் குறைந்தவை, கர்ப்ப காலத்தில் சாப்பிடலாம் என்றே வைத்தியர்கள் சொல்வார்கள். பாரிசில் அவளைப் பார்க்கிற டொக்டர் இதையெல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் அம்மா ஆசையாக வாங்கி வைத்தது என்று அவள் ஒரு வாய் எடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும்.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம்.

அந்த முட்டை வடிவ முத்திரைதான் பெட்டியில் உள்ளதிலேயே நேர்மையான எழுத்து. பசுவும் வயலும் எவரும் அச்சடிக்கலாம். முத்திரை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி போடுவது, அந்தப் பொருள் எந்த நாட்டில் எந்தத் தொழிற்சாலையில் செய்து அல்லது பொதிசெய்து வெளியே வந்தது என்று அதில் இருக்கும். டி, ஈ என்றால் ஜேர்மனி. பி, வை என்றால் பவேரியா மாநிலம். நீங்கள் வாங்கியது பவேரியாக் கமம்பேர், அக்கா.

ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். கமம்பேர் என்ற வெறும் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. நோர்மண்டியில் ஓர்ன் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு சின்னக் கிராமம் இன்றும் இருக்கிறது. 1791 அளவில் மரி ஆரெல் என்ற பெண் அங்கே இந்தச் சீஸைச் செய்தார் என்பது கதை. ஆனால் ஊருக்கு வெளியே எல்லோரும் செய்யத் தொடங்கி நெடுநாளான பிறகே நோர்மண்டிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 1926இல் நீதிமன்றம், இது பொதுப்பெயராகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் ஜேர்மனியில் செய்தாலும், டென்மார்க்கில் செய்தாலும், நுவரெலியாவில் செய்தாலும் பெட்டியில் கமம்பேர் என்று போடலாம். பிரீ என்ற பெயரும் அப்படித்தான். உங்கள் மருமகனுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும், நோர்மண்டிக்காரர்களுக்கு அது இன்னும் ஆறாத விஷயம்.

பிரான்சில் செய்ததென்றால் முத்திரையில் எஃப், ஆர் என்று தொடங்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் அங்கத்தை மாவட்ட எண். 14 என்றால் கல்வடோஸ், 50 மான்ஷ், 61 ஓர்ன். மூன்றும் நோர்மண்டி. கான் நகரம் கல்வடோஸில் இருப்பதால் 14 உங்கள் மருமகனின் சொந்த மாவட்டம். 77 என்றால் பாரிசுக்குக் கிழக்கே, மோ நகரம் இருக்கும் மாவட்டம், பிரீ அங்கேதான் பிறந்தது. வேறு எண் இருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. பிரான்சின் வேறு மூலையில் செய்த சாதாரணக் கமம்பேர், பிரீ என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் பிரெஞ்சுச் சீஸ் என்று இருப்பவற்றில் பெரும்பகுதி அதுதான்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. பெட்டியில் 'கமம்பேர் து நோர்மண்டி' என்ற முழுப்பெயரும், சிவப்பும் மஞ்சளுமாகச் சூரியப் பல் வெட்டின வட்ட முத்திரையில் ஏ.ஓ.பி. (காப்புள்ள ஊர்ப்பெயர்) என்பதும் இருந்தால், அது 1983இலிருந்து சட்டம் காத்துவரும் சீஸ். பால் அந்தப் பகுதிப் பால், நாற்பது பாகைக்கு மேல் சூடாக்காத பச்சைப் பால். தயிர்க்கட்டியை அகப்பையால் குறைந்தது ஐந்து தடவை அச்சில் வார்த்திருக்க வேண்டும், ஒரு தடவைக்கும் மற்றதுக்கும் இடையில் வடிய விட்டு. 21 நாளாவது முதிர்ந்திருக்க வேண்டும். எடை 250 கிராமுக்குக் குறையாது, மரப் பெட்டியில்தான் வரும். பால் பச்சைப் பாலா என்பதற்கு அடையாளம் இரண்டு சின்னச் சொற்கள்: எல், ஏ, ஐ, ரி என்று ஒன்று, சி, ஆர், யூ என்று மற்றது. 'லே க்ரூ' என்று வாசிப்பார்கள். இரண்டாவது சொல்லுக்குப் பதில் 'பாஸ்தூரிஸே' என்று நீளமாக இருந்தால் பாச்சராக்கியது. நோர்மண்டி என்ற சொல் பெட்டியில் எங்கோ ஓரத்தில் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழுப்பெயரும் முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். பிரீக்கும் அப்படியே, 'பிரீ து மோ' என்றால் 1980இலிருந்து காப்புப் பெயர், முப்பத்தாறு, முப்பத்தேழு சென்ரிமீற்றர் அகலத்தில் தோசைக்கல் மாதிரி வரும். கடையில் கைக்கு அடக்கமாக இருக்கும் வெள்ளை வட்டம் அது அல்ல.

பெட்டியில் 45 சதவீதம் என்று கண்டு பயப்பட வேண்டாம். தண்ணீரை நீக்கிவிட்டு மிஞ்சுகிற திண்மத்தில் 45 பங்கு கொழுப்பு என்பதைத்தான் அப்படிப் போடுவார்கள். சீஸின் பாதிக்கு மேல் தண்ணீர். முழு எடைக்குப் பார்த்தால் 22 அளவில் வரும்.

சரி, லேபலைப் படிக்க உங்களுக்குத் தெரியும் இப்போது. ஆனால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் சீஸ் கெட்டுப் போயிருக்கலாம். கொழும்பில் சீஸ் வாங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். உங்கள் பெட்டியில் நடந்த உண்மையான பிழையும் இதுதான். அது ஜேர்மன் சீஸ் என்பதால் நாறவில்லை. வழியில் எங்கோ சூடு பட்டிருக்கிறது.

கமம்பேர் வெளியிலிருந்து உள்ளே பழுக்கிற பண்டம். வெள்ளைத் தோல் உயிருள்ள பூஞ்சணம், பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்று பெயரே அதற்கு இருக்கிறது. அது மேற்பரப்பில் உள்ள புளிப்பைத் தின்னும், பிறகு புரதத்தை உடைக்கும், அப்போது கொஞ்சம் அமோனியா வரும். புளிப்புக் குறையக் குறைய, சுண்ணாம்பு மாதிரி நிற்கிற நடுப்பகுதி ஓரத்திலிருந்து வெண்ணெயாக இளகி வரும். பத்துப் பாகைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் அங்கே அறைகளில் வைத்து இதை நிதானமாக நடத்துவார்கள். நம் ஊர்ச் சூடு பட்டால் தோல் ஓடிவிடும், நடு பின்னுக்கு நின்றுவிடும். தோலுக்கடியில் கஞ்சி மாதிரி, நடுவில் சுண்ணாம்பு, மூக்கில் அமோனியா. நீங்கள் எழுதியிருப்பதே அதுதான். திறந்ததும் இலேசாக அமோனியா வாசம் வந்து, கடதாசியை விரித்து வைத்த பத்து நிமிடத்தில் போய்விட்டால் ஒன்றுமில்லை. கண் எரிகிற மாதிரி நின்றால் அது கடந்துபோன சீஸ், கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள். "அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பழகவில்லை. இருபத்துமூன்று வயதில் ஒரு ஹோட்டலின் குளிர்ச் சமையலறையில் சேர்ந்தேன். காலை ஐந்து மணிக்குப் பின்வாசலில் சாமான் வந்து இறங்கும். எங்கள் தலைமைச் சமையற்காரர் பிரெஞ்சுக்காரர், பேச்சுக் குறைவு. முதல் கமம்பேர் பெட்டியைத் திறந்து, என் கையைப் பிடித்துப் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையை அமுக்கிக் காட்டினார். பிறகு அதே விரலைச் சீஸின் நடுவில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கினால் இன்றைக்கு மேசைக்கு. நடுவில் கல்லு மாதிரி தட்டினால் இன்னும் ஒரு கிழமை. விரலோடு உள்ளே போய்த் திரும்பாமல் நின்றால் வாசலோடு திருப்பி அனுப்பு. அந்தப் பாடம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த விரலைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஒருமுறை விரலையும் வைக்கவில்லை, வெப்பமானியும் குத்தவில்லை. ஒரு நத்தார் வாரம், கூட்டம், கையெழுத்தை வைத்து உள்ளே எடுத்துவிட்டேன். கொண்டுவந்த வாகனத்தின் குளிரூட்டி வழியிலேயே நின்றிருக்கிறது. அறையில் வைத்த பிறகு சந்தேகம் வந்து ஒன்றைக் குத்திப் பார்த்தேன், 19 பாகை. நாற்பது கமம்பேர். மூன்றாம் நாள் தோலெல்லாம் சட்டை கழன்ற மாதிரி வழுக்கிக் கொண்டு வந்தது. நல்ல பாலை, நல்ல வேலையைச் செய்து ஒருவர் அனுப்பியதை நான் குப்பையில் கொட்டினேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்களிடம் வெப்பமானி தேவையில்லை. கடையில் பெட்டியைக் கையில் எடுங்கள். மரப்பெட்டியின் அடியில் ஈரக் கறையோ பழுப்புக் கறையோ இருந்தால் விடுங்கள். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். சீஸ் பெட்டிக்குள் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால் காய்ந்துவிட்டது. கடதாசி ஒட்டிப் பிசுபிசுத்தால் சூடு பட்டது. தோல் வெள்ளையாக, அங்கங்கே இளஞ்சிவப்போ பழுப்போ கீறலாக இருப்பது பச்சைப் பால் சீஸுக்கு அழகு, அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அலுமாரிக்குள் பனிக்கட்டி படிந்திருந்தால், அல்லது பெட்டியே உறைந்து கல்லாக இருந்தால், அதுவும் வேண்டாம். உறைந்து இளகினால் வெட்டும்போது மணல் மாதிரி உதிரும், தண்ணீர் விடும்.

பெரிய வட்டத்திலிருந்து வெட்டிப் பிளாஸ்ரிக் தாளில் சுற்றி விற்கும் பிரீயில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றின கையோடு அசல் லேபல் போய்விடும். கடை ஒட்டும் ஸ்டிக்கரில் 'பிரெஞ்ச் பிரீ' என்று மட்டும் இருக்கும். அதன் மூலப் பொதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எஃப், ஆர் முத்திரை அதில் இருக்கும். என்றைக்கு வெட்டியது என்றும் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் அந்தத் தாளுக்குள் புழுங்கினதை நான் வாங்க மாட்டேன்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, விமானத்தில் வந்ததா கப்பலில் வந்ததா என்பது. உண்மையாகப் பழுக்கிற கமம்பேருக்குத் தொழிற்சாலையிலிருந்து ஆயுள் இரண்டு மாதத்துக்குச் சற்று அப்படி இப்படி. கப்பல் ஐரோப்பாவிலிருந்து இங்கே வர ஒரு மாதம் போய்விடும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிப் பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வர ஆரம்பித்தபோது அது இன்னும் இரண்டு கிழமை நீண்டது. ஆகவே கப்பலில் வருவதற்கென்றே வேறு மாதிரிச் செய்கிறார்கள். தயிர்க்கட்டியின் புளிப்பை முன்னமே மட்டுப்படுத்தி, ஆரம்பத்திலேயே மென்மையாக, பிறகு அதிகம் மாறாமல் இருக்கும்படி. பல மாதத் திகதி போட்டிருக்கும், வாசம் சாது, நடுவும் ஓரமும் ஒரே மாதிரி. தகர டின்னில் வருவது அதைவிட ஒரு படி மேலே போய், அடைத்தபின் சூடாக்கி நிறுத்தி வைத்தது. இவையும் பிரான்சில் செய்ததாக இருக்கலாம், பொய்யில்லை. பிள்ளைகளுக்கும் சீஸ் பழகாதவர்களுக்கும் இவை பிடிக்கும். ஆனால் கானில் வளர்ந்த ஒருவர் எதிர்பார்க்கிற மணம் இதில் வராது. திகதிக்கு நான்கைந்து மாதம் இருக்கிறதே, நல்ல புதுசு என்று சந்தோஷப்படுகிறோம் அல்லவா, மென் சீஸில் அதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். முதிர்கிற கமம்பேரில், போட்டிருக்கும் திகதிக்கு இரண்டு மூன்று கிழமை முன்னால்தான் அது சாப்பிடுகிற பருவம். அங்கத்தை ஆட்கள் அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

எங்கே வாங்குவது என்பதற்கு வருவோம். கடைப் பெயர் சொல்லிப் பயனில்லை, ஒரே கடையில் இந்த மாதம் நன்றாக இருப்பது அடுத்த மாதம் இருக்காது. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம் பக்கத்துப் பெரிய சுப்பர் மார்க்கட்டுகளிலும் ஹோட்டல்களுக்கு விநியோகிக்கிறவர்களின் சில்லறைக் கடைகளிலும் பாருங்கள். வாடிக்கையாளர் அதிகம் சீஸ் வாங்குகிற இடமாக இருந்தால் நல்லது, சரக்குத் தேங்காது. பெட்டியில் உள்ளூர் இறக்குமதியாளரின் பெயர், விலாசம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பால் பண்டம் நாட்டுக்குள் வர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லாதது யாரோ பெட்டியில் கொண்டுவந்து கைமாற்றியது, எத்தனை மணித்தியாலம் எந்த வெயிலில் இருந்தது என்று கேட்க ஆளில்லை. அதே காரணத்துக்காக மகளைப் பாரிசிலிருந்து சூட்கேசில் வைத்துக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம்.

கடை மேலாளருடன் ஒருமுறை பேசி வையுங்கள். அவர்கள் வரும் நாளைச் சொல்லி, "அந்தக் கிழமை விமானத்தில் வருகிற சரக்கில் எனக்கு இரண்டு பெட்டி" என்று முற்பணம் கொடுத்தால் எடுத்து வைப்பார்கள். பச்சைப் பால் ஏ.ஓ.பி. கமம்பேரைச் சில்லறை அலுமாரியில் நான் அரிதாகத்தான் காண்கிறேன். அது கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். பாச்சராக்கிய பாலில் செய்த நோர்மண்டிக் கமம்பேர் ஒன்று குளிர் தவறாமல் வந்திருந்தால், வழியில் வெந்துபோன பச்சைப் பால் சீஸைவிட உங்கள் மருமகன் அதைத்தான் விரும்புவார். 2022இல் டொலர் இல்லாமல், மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, இருந்த கொஞ்ச சீஸைக் குளிரில் காக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்போது முத்திரையை யாரும் கேட்கவில்லை, குளிர் இருந்ததா என்றுதான் கேட்டோம்.

வாங்கப் போகும்போது ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பக்கற் இரண்டு எடுத்துப் போங்கள். சீஸ் ஐஸில் நேரே படாமல் நடுவில் ஒரு துவாய். மற்றச் சாமானெல்லாம் வாங்கி முடித்து, கடைசியாகச் சீஸ். கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதியில் பின்னேர நெரிசலில் ஓட்டோவில் வந்தால் முக்கால் மணித்தியாலம் போகும். அதற்குள் 31 பாகையில் மென் சீஸ் இரண்டு நாள் வயது கூடிவிடும். காலையில் போங்கள்.

வீட்டில் மேல் தட்டில் வைக்காமல், மரக்கறி வைக்கிற கீழ் இழுப்பறையில் வையுங்கள். அதன் கடதாசியிலேயே சுற்றி, அதன் பெட்டியிலேயே, அந்தப் பெட்டியை மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள். டப்பாவை நாளுக்கு ஒருதரம் திறந்து மூடுங்கள், அதற்கு மூச்சு வேண்டும். இல்லாவிட்டால் பிறிட்ஜில் உள்ள பால், தயிர் எல்லாம் அந்த வாசம் ஏறும். மீன் பக்கத்தில் வேண்டாம்.

சாப்பிடுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் வெளியே வை என்று பிரெஞ்சுப் பெட்டியில் எழுதியிருக்கும். அது அவர்கள் வீட்டு 18 பாகைக்குச் சொன்னது. ஆகஸ்ட் மாத வெள்ளவத்தையில் இருபது நிமிடம் போதும், அரை மணியில் தட்டில் ஓடும். பாணுக்கு நல்ல பகெட் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், அன்றைய ரோஸ்ட் பாணின் மொறுமொறு ஓரம் கமம்பேருக்கு அவ்வளவு பொருத்தம். பக்கத்தில் கறுத்தக்கொழும்பான் ஒன்றிரண்டு துண்டு. கித்துள் பாணி இரண்டு சொட்டு விட்டும் பாருங்கள், நான் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அப்படிக் கொடுத்து ஒருவரும் வேண்டாம் என்றதில்லை. கேக் வெட்டுகிற மாதிரி நடுவிலிருந்து முக்கோணமாக வெட்டுங்கள். பிரீ ஆப்பு வடிவத் துண்டாக இருந்தால் கூர் முனையைக் குறுக்கே வெட்டி எடுத்துவிடக் கூடாது. அதுதான் நன்றாகப் பழுத்த பகுதி, எல்லோருக்கும் கொஞ்சம் போக வேண்டும். பிரெஞ்சு வீட்டில் சீஸ் சோறு கறிக்குப் பிறகு, இனிப்புக்கு முன்னால் வரும். வட்டிலப்பத்தை அதற்குப் பிறகு எடுங்கள்.

உங்கள் கணவர் விஷயம். நேராகச் சொல்கிறேன், கமம்பேர் து நோர்மண்டியும் பிரீ து மோவும் அவருக்கு ஆகாது. பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரெனெட். பிரெஞ்சு லேபலில் 'பிரெசூர்' என்று இருந்தால் அதுதான். சில தொழிற்சாலைச் சீஸ்களில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த திரைப்பான் போடுகிறார்கள், அவற்றின் லேபலில் சைவர்களுக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் இருக்கும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். அவர் இத்தனை வருடம் காத்த விரதம், விருந்தாளி வந்த சந்தோஷத்தில் தெரியாமல் முறியக் கூடாது. தேசிக்காய் விட்டுத் திரைத்த பன்னீர் வீட்டிலேயே செய்து, மிளகும் உப்பும் தூவி அவர் தட்டில் வையுங்கள். மருமகனும் அதில் ஒரு துண்டு கேட்பார், பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வெள்ளைத் தோலைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சமையலறையில் சீவி எடுத்துவிடாதீர்கள். மருமகன் அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார்.